மணலுக்குள் ஒரு தேதி

பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் கடைகளும் சோளம் சுடும் தள்ளுவண்டிகளும் முடிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வேலி. கம்பு நட்டு வலை கட்டி அடைத்த மணல் பரப்பு. உள்ளே வேறொன்றும் இல்லை, மணல்தான். அதில் வரிசை வரிசையாகச் சிறு குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அட்டை. அட்டையில் ஓர் எண், ஒரு தேதி, முட்டைக் கணக்கு.

மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

“இன்னா இது, செடி எதுனா நட்டு வெச்சிருக்காங்களா?” என்கிறார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்.

“ஆமை முட்டை தாத்தா. உள்ள தூங்குது” என்று அவர் கையைப் பிடித்திருக்கும் பேத்தி சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. தாத்தா மறுபடி குனிந்து பார்க்கிறார். மணல்தான் தெரிகிறது. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

இது குஞ்சு பொரிப்பகம். பங்குனி ஆமை என்றும், ஆலிவ் ரிட்லி என்றும் சொல்லப்படும் கடலாமையின் முட்டைகளைக் கரையில் தேடி எடுத்துவந்து, அதே ஆழத்தில் குழி தோண்டி மறுபடி புதைத்து வைத்திருக்கிறார்கள். நாய், திருட்டு, தெருவிளக்கு மூன்றும் இல்லாத கரையாக இருந்தால் இந்த வேலைக்கே அவசியமில்லை. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் சென்னைக் கரையில் இரவில் நடந்து கூடு தேடத் தொடங்கினார்கள். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து அதைத் தொடர்கிறார்கள். நீலாங்கரையில் கிளம்பி பெசன்ட் நகர்வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல்வரை இரவுதோறும் நடை.

அந்த நடையில் பேச்சு கிடையாது. டார்ச் கிடையாது. பார்க்க வந்தவர்கள் முதல் அரை மணி நேரம் கிசுகிசுப்பார்கள், பிறகு அவர்களே அடங்கிவிடுவார்கள். ஈர மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் நடுவிலுள்ள கோட்டில்தான் நடப்பது. ஆமை கரையேறியிருந்தால் அதன் தடம் அந்தக் கோட்டை வெட்டியாக வேண்டும்.

முன்னால் போகும் பெண் நின்று கையை உயர்த்துகிறாள். கடலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் ஏறிப் போயிருக்கிறது. இடத்துடுப்பும் வலத்துடுப்பும் மாறி மாறிப் பதிந்த தடம். திரும்பி இறங்கிய தடம் இல்லை. அப்படியென்றால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இருட்டு பழகப் பழக அந்தத் தாய் ஆமை தெரிகிறாள். இரண்டடி நீள ஓடு. முன்துடுப்பால் மேல்மணலை வாரித் தள்ளி உடம்புக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டுவிட்டாள். இப்போது பின்துடுப்புகளின் வேலை. வலது துடுப்பு உள்ளங்கை போலக் குவிந்து குழிக்குள் இறங்குகிறது, ஒரு பிடி மணலை அள்ளி மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கிறது. உடனே இடது துடுப்பு ஓரத்து மணலைத் தட்டி விலக்கிவிட்டுத் தான் இறங்குகிறது. தலை கடலுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. குழியை அவள் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்று குழி அமைந்துவிடுகிறது. துடுப்பு எட்டும் ஆழம்தான் குழியின் ஆழம். இனி எட்டாது என்றானதும் நிறுத்துகிறாள்.

பிறகு முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுகின்றன. கண்ணோரம் கசிகிறது. உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. பார்க்கிறவர்களுக்கு அழுகையாகத்தான் படும். நூற்றுச் சொச்சம் முட்டை இட்டு முடித்ததும் மணலை இழுத்து மூடுகிறாள். அதோடு விடுவதில்லை. உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கி மூடிய மணல்மேல் அடிக்கிறாள். தொம், தொம் என்று அந்த அடி உட்கார்ந்திருப்பவர்களின் தொடைவரை கேட்கிறது. மேல்மணலைக் கலைத்து வீசிவிட்டுத் திரும்பி இறங்குகிறாள். அலை வந்து மேலேறியதும் காணோம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் செய்யக்கூடியது அவ்வளவே. அடைகாப்பதோ இரை ஊட்டுவதோ திரும்பி வந்து பார்ப்பதோ கிடையாது. பிள்ளைகளுக்கென்று அவள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை இரண்டு: ஓர் இடம், ஒரு நாள். மிச்சத்தை மணலின் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணலின் சூடு பார்த்துக்கொள்வது கொஞ்சநஞ்சமல்ல. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. கருவுறும்போது அது தீர்மானமாவதில்லை. பொரிக்கும் காலத்தை மூன்றாகப் பங்கிட்டால் நடுப்பங்கில் முட்டையைச் சுற்றியுள்ள வெப்பம் எவ்வளவோ அதற்கேற்பத் தீர்மானமாகிறது. ஒடிசாக் கரையின் ஆமைகளை வைத்து இதை 1980களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி. விலங்கியல் பேராசிரியர், ஒடிசி நடனக் கலைஞரும்கூட. 29 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் ஆண். மேலே ஏற ஏறப் பெண். இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடினால் கூடு முழுக்கப் பெண். 34, 35ஐத் தொட்டு அப்படியே நின்றால் முட்டைக்குள்ளேயே கரு வெந்துபோகும்.

ஆகவே அட்டையில் எழுதியுள்ள தேதி சாதாரணத் தேதியல்ல. ஜனவரிக் கடைசியில் இட்ட முட்டை பனிக்காற்றின் குளிர்ச்சியில் பாதி நாளைக் கழிக்கிறது. மார்ச் கடைசியில் இட்டது நேராக வெயிலுக்குள் இறங்குகிறது. ஒரே கடற்கரை, ஒரே இன ஆமை; இரண்டு மாத இடைவெளியில் ஒரு கூட்டில் அண்ணன் தம்பிகள், இன்னொன்றில் அக்கா தங்கைகள். மொத்தப் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாக வந்துவிடும். இத்தனை காலமும் அப்படித்தான் வந்திருக்கிறது.

நடுப்பகலில் கரையில் ஆள் இல்லை. படகு நிழலில் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருக்கிறார். ஊரூர் குப்பத்துக்காரர். பொரிப்பகத்து மாணவி ஒருத்தி செருப்பில்லாமல் இறங்கிவிட்டு, நாலு எட்டு வைத்ததும் குதித்துக் குதித்து அவருடைய நிழலுக்குள் வந்து சேர்கிறாள்.

“சுடுதா கண்ணு?”

“கால் பொத்துடும் தாத்தா. மார்ச்லயே இப்படின்னா?”

“தை மாசம் ராவுல துப்பட்டி போத்திக்காம கட்டுமரத்துல குந்த முடியாது. வாடை அப்படி அடிக்கும். இப்ப தையிலயே சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குந்துறோம். தண்ணியும் சூடாத்தான் இருக்குது. கையை உட்டாத் தெரியுது.”

அவள் பதில் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதுகிறாள். பெரியவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுக்கிறார்.

அவர் கையில் பட்டதைத்தான் விஞ்ஞானிகளும் அளந்திருக்கிறார்கள். மனிதர்கள் எரித்த கரியாலும் எண்ணெயாலும் பூமியில் தேங்கிய கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. ஆமைக்குப் பஞ்சாங்கம் தெரியாது. தண்ணீரின் சூடு ஏற ஏற உடம்புக்குள் முட்டை முதிர்கிறது. கடல் சீக்கிரமே சூடானால் அவளும் சீக்கிரமே கரைக்கு வருகிறாள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். அங்கே முட்டையிடுவது பெருந்தலை ஆமை. 1989இலிருந்து 15 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது முட்டையிடும் பருவத்தின் நடுநாள் ஏறக்குறைய 10 நாள் முன்னே நகர்ந்திருந்தது. அதே காலத்தில் கரையோரக் கடல் 0.8 டிகிரி சூடேறியிருந்தது. 2004இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தவர்கள் சிலர், ஆமையே வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ஆறுதல்பட்டார்கள். சூடு முன்னே வந்தால் அவளும் முன்னே வந்துவிட்டுப் போகிறாள்.

ஆஸ்திரேலியாவின் ரெய்ன் தீவு அந்த ஆறுதலைக் கலைத்தது. பச்சை ஆமைகளுக்கு உலகின் மிகப் பெரிய முட்டையிடும் இடங்களில் ஒன்று அது. அந்தத் தீவு இருக்கும் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்து, கடலில் மேய்ந்து வளர்ந்துகொண்டிருக்கும் இளம் ஆமைகளைப் பிடித்துச் சோதித்தார்கள். 100க்கு 99க்கும் மேல் பெண். 2018இல் அது வெளிவந்தபோதுதான், இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால் பெண் கொஞ்சம் கூடினால் மோசமில்லை. ஆணே இல்லாமல் போனால்தான் மோசம். அதுவும் உடனே தெரியாது. இன்று பொரிக்கும் பங்குனி ஆமைக் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும்.

வங்கக் கடலோரம் இன்னொரு சிக்கல் இருக்கிறது; ஃபுளோரிடாவின் ஆமை முன்னே நகர்ந்ததுபோல இங்குள்ளவள் அவ்வளவு எளிதாக நகர முடியாது. பின்னால் போனால் சித்திரை வெயில். முன்னால் போனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அதாவது வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை அடி வாங்கியதெல்லாம் அந்த மாதங்களில்தான். அலை ஏறி மணலை அரித்துக்கொண்டு போகும் நேரத்தில் முட்டையிட்டால் குழி மூழ்கிவிடும். நனைந்த மணலுக்குள் முட்டைக்கு மூச்சு முட்டும். மழை ஓய்ந்து, கடல் அரித்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து கரை கொஞ்சம் அகலமானதற்குப் பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள்தான் அவளுக்குச் சொந்தம். வெயில் அந்த வாரங்களைப் பின்பக்கத்திலிருந்து கத்தரிக்கிறது. முன்பக்கம் இடமில்லை.

இடமில்லை என்பதை இடத்தின் பேரிலும் சொல்லலாம். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை போனால் பெரும்பாலும் மணலே இல்லை, கருங்கல்தான். துறைமுகச் சுவர் மணலின் ஓட்டத்தைத் தடுத்ததில் கரை கரைந்துபோய், மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லின்மேல் ஆமை ஏறாது.

மணல் இருந்தால் மட்டும் போதாது. ஒடிசாவின் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்தில் ஆமைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை, லட்சக்கணக்கில் சேர்ந்து வரும். 2024இல் அங்கே அந்தத் திரள் வரவேயில்லை. 2025 பிப்ரவரியில் ஆறரை லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. ஓர் ஆண்டு வெறும் கரை, மறு ஆண்டு கால் வைக்க இடமில்லாத கரை. கரையின் வடிவம், காற்று, கடலின் சூடு என்று பலதும் கூடிவர வேண்டும் அவற்றுக்கு. கூடிவராத ஆண்டுக்கு ஒரே காரணத்தைக் கைகாட்டிவிட முடியாது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் பொரிப்பகத்தின் ஒரு பாதிக்கு மேலே பச்சை நிழல்வலை ஏறுகிறது. நாற்றுப் பண்ணைகளில் கட்டுவார்களே, அதே வலை. கட்டியவன் மூன்றாமாண்டு படிக்கும் பையன். ஏணியிலிருந்து இறங்கிவந்து, மணலுக்குள் ஒன்றரை அடி இறக்கியுள்ள வெப்பமானியின் கம்பியைக் கையிலிருக்கும் சிறு பெட்டியில் சொருகிப் பார்க்கிறான். வலைக்கு அடியில் ஓர் எண், வலைக்கு வெளியே வேறோர் எண். இரண்டையும் எழுதுகிறான். நண்பகலில் குதித்து வந்த அதே மாணவி பக்கத்தில் நின்று பார்க்கிறாள்.

“எல்லாத்துக்கும் மேல கட்டிடலாமா?”

“கட்டினா எல்லாம் பையனாப் போயிடும்.”

“போகட்டுமே. அதுதானே இப்ப வேணும்?”

“அது யாருக்குத் தெரியும்? இயற்கையா எவ்வளவு வரணுமோ அதுதானே வரணும்?”

“இந்தச் சூடு இயற்கையா?”

அவன் பதில் சொல்லாமல் ஏணியை மடக்குகிறான். அவள் கேட்ட கேள்விக்கு உலகம் முழுவதும் பொரிப்பகம் வைத்திருப்பவர்கள் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நிழல் போடலாம், தண்ணீர் தெளிக்கலாம், ஆழத்தைக் கொஞ்சம் கூட்டலாம். எவ்வளவு என்பதில்தான் தகராறு. கருகிச் சாவதைத் தடுக்கும் அளவுக்காவது நிழல் வேண்டும் என்பதில் மட்டும் பெரிதாக மாற்றுக் கருத்தில்லை. அன்றைக்கு அந்தப் பாதி வலையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வரிசைகளை நிதானமாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. முன்னால் புதைத்தது முன்னால் பொரிக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? பருவத்தின் தொடக்கத்தில் வந்த கூடுகள் 50 நாளைத் தாண்டியும் அசையாமல் கிடக்கின்றன. பிந்தி வந்தவை 45 நாளிலேயே தயாராகி, முன் வரிசையை நெருங்கிவிடுகின்றன. சூடு வளர்ச்சியை விரட்டுகிறது. அவசரமாக வளர்ந்த குஞ்சு மிச்சம் வைத்திருக்கும் தெம்பு போதுமா என்பது அலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஒரு மாலை. முதல் வரிசை ஓரத்தில் ஓர் அட்டைக்குக் கீழே மணல் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது. கீழே முட்டையோடுகள் உடைந்து குஞ்சுகள் மேலேறும்போது மணல் இப்படி உள்வாங்கும். மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். குஞ்சுகள் மேல்மணலுக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றுவிட்டிருக்கும். மேல்மணல் சூடாக இருக்கும்வரை அசையாது. வெயில் இறங்கி மணல் குளிர்ந்தால்தான் இருட்டிவிட்டது என்று அவற்றுக்கு அர்த்தம். அன்று இருட்டி வெகுநேரமாகியும் மணல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பார்க்க வந்த கூட்டத்தில் பாதி சலித்துப்போய் ஐஸ்கிரீம் சாப்பிடக் கிளம்பிவிட்டது.

கிளம்பாதவர்கள் பார்த்தார்கள். முதலில் ஒரு மூக்கு. மணல் தானே புரள்வதுபோல ஓர் அசைவு. பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மிதித்து, விழுந்து, கூடை நிறையக் கருங்குஞ்சுகள். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். எண்ணி எடுத்துக்கொண்டு போய் ஈர மணலில் விடுகிறார்கள். குஞ்சுகள் பாதிக்கு மேல் திரும்பி ஊரைப் பார்த்து நடக்கின்றன. ஊர்ப்பக்கம்தான் வெளிச்சம் அதிகம். ஒரு மாணவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று டார்ச்சை அடித்துக் கடல் இந்தப் பக்கம் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியில் குழியைக் கிளறிப் பொரிக்காத முட்டைகளை எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். சிலவற்றில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் முழு உருவமும் வளர்ந்து, ஓடு கட்டி, அப்படியே நின்றுபோன குஞ்சு. அட்டையில் இரண்டாவது தேதி ஏறுகிறது. பொரித்தது இத்தனை, பொரிக்காதது இத்தனை.

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட ஓய்வு அது. அன்றைக்குப் பொரிப்பகத்தில் பாதிக் குச்சிகள் பிடுங்கியாகிவிட்டன. தாய்கள் கரைக்கு நெருக்கமாக நீந்தி, மூச்சுவிட மேலே வந்து வந்து போன மாதங்களில் கடலில் இழுவலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்ற விதி தாளில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதும் அந்த விதி இருக்கும்போதுதான். மணல் சூடேறி ஆண் குறையப்போகிறது என்று கவலைப்படும் அதே கரையில், முட்டையிட வந்த தாயையே நாம் வாரிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆமை தன் நாளைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும். அதற்கு மேல் அவளால் ஆகாது. நம்மால் ஆகக்கூடியவை இருக்கின்றன, அவை ஒன்றும் பெரிய வித்தையும் அல்ல. ஜனவரி முதல் ஏப்ரல்வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கலாம். அந்த நான்கு மாதமும் 5 கடல் மைல் விதியைக் கடலுக்குள் போய்க் காவல் காக்கலாம். ஒவ்வொரு பொரிப்பகத்திலும் வெப்பமானி வைத்து, அது சொல்வதைக் கேட்டு நிழல் கட்டலாம். மணலுக்குப் பின்னால் சுவர் எழுப்பாமல் கரை நகர இடம் விடலாம். தேதியைப் பார்த்து எழுதிய விதிகளை இனி வெப்பத்தைப் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும். புவியே சூடாவதைக் குறைக்காதவரை இவை எல்லாமே தற்காலிக நிழல்தான் என்பதையும் மறக்கக் கூடாது.